முக்கால் அத்தானும் மூன்றாம் பத்தியும்

எங்கள் குடும்பக் குறிப்புகளில் ஒவ்வொருவருக்கும் பிறப்பு, படிப்பு, வேலை, திருமணம் என்று இருக்க வேண்டியவை எல்லாம் இருக்கின்றன. என் அக்காவின் கணவருக்கு மட்டும் பட்டப்பெயரையும் சேர்த்து எழுத வேண்டியிருந்தது. அதை விட்டுவிட்டால், பின்னால் படிப்பவர்கள் வேறு யாரையோ பற்றி எழுதியிருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். வீட்டில் அவருக்குப் பெயர் ‘முக்கால்’. நான் அவரை நேரிலும் அத்தான் என்றுதான் அழைப்பேன், அவர் இல்லாத இடத்திலும் அப்படித்தான். மற்றவர்கள் இரண்டு இடத்திலும் முக்கால் என்றே சொன்னார்கள்.

பெயர் காரணமில்லாமல் வரவில்லை. வரவேற்பறையில் அவர் அடித்த புத்தக அலமாரிக்கு நான்கு தட்டுகள் என்பது திட்டம், மூன்று இருக்கின்றன. குளியலறைச் சுவர்களுக்கு அவரே வண்ணம் பூசினார். கதவுக்குப் பின்னால் இருக்கும் சுவர் மட்டும் இன்னும் பழைய பச்சையில் நிற்கிறது. கதவைத் திறந்து வைத்தால் அது தெரியாது என்பது அவருடைய வாதம். குளிக்கிறவர்கள் கதவை மூடிக்கொள்வார்கள் என்பது அக்காவின் எதிர்வாதம். மகளுக்குத் தொட்டில் செய்யத் தொடங்கி, கடைசிச் சட்டத்துக்கு ஆணி வாங்கிக்கொண்டு அவர் வீடு திரும்பிய மாலையில், குழந்தை தானே நடந்து வந்து கதவைத் திறந்தாளாம். இதை அக்கா சொல்கிறாள், அத்தான் மறுக்கிறார், கதவைத் திறந்தது தான்தான் என்று இப்போது கல்லூரியில் படிக்கும் என் மருமகள் சாதிக்கிறாள். எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஆணிகள் இன்னும் பொட்டலத்திலேயே இருக்கின்றன என்பது மட்டும்தான்.

அவர் சோம்பேறி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. வேலையைத் தொடங்கும்போது அவரைப் பிடித்து நிறுத்த முடியாது. ஆனால் அது எப்படி முடியும் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் போதும், அவர் மனத்தில் அது முடிந்துவிடும். மிச்சம் இருப்பது வெறும் உழைப்பு. அதற்கு அவர் எதற்கு?

பிழைப்புக்கு அவர் பார்க்கும் வேலை, லாரிகளை நிறுக்கும் எடை மேடைகளுக்கு மென்பொருள் எழுதுவது. லாரி சரக்கோடு மேடையில் ஏறும், ஓர் எடை. சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக ஏறும், இன்னோர் எடை. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் கிடைப்பது சரக்கு. இந்தக் கழித்தலைத் தவறில்லாமல் செய்து சீட்டாக அச்சிட்டுத் தரும் நிரல் அவருடையது. அலுவலகத்தில் அவர் எதையும் முக்காலில் விட்டதில்லை. அங்கே அவர் எழுதுவதைச் சோதிப்பதற்கென்றே ஓர் அம்மையார் இருக்கிறார். மிச்சமுள்ள கால் பங்கை அவரிடமிருந்து கறந்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புவார்.

என் அக்கா மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் பிரிவில் இருக்கிறாள். ஞாயிறு காலைகளில் மறைநூல் பாட வட்டத்தை நடத்துகிறாள். வட்டம் கூடும் இடம் ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் வகுப்பறை. ஞாயிறு அங்கே பயிற்சி இல்லை என்பதால் எங்களுக்கு விடுகிறார்கள். சுவர் முழுவதும் சாலைக் குறிகள். ‘முந்தாதே’ என்ற பலகைக்குக் கீழே அமர்ந்துதான் நாங்கள் பொறாமையைப் பற்றிப் பேசுவோம்.

வட்டத்தின் முறை இதுதான். எங்கள் அமைப்பின் தலைமை நிலையம் தன் இணையதளத்தில் வாரத்துக்கு ஒரு பாடக் கட்டுரை வெளியிடும். கட்டுரை பத்தி பத்தியாக இருக்கும். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு கேள்வி உண்டு. பத்தியை ஒருவர் வாசிப்பார், அக்கா கேள்வியைக் கேட்பாள், பதில் தெரிந்தவர்கள் கை தூக்குவார்கள். பதில் பெரும்பாலும் அந்தப் பத்தியிலேயே இருக்கும். கேள்விகளையோ கட்டுரையின் கடைசியில் மொத்தமாகக் குவித்திருப்பார்கள். வசனங்களுக்கு எண் மட்டும்தான் கொடுத்திருப்பார்கள். புரட்டி எடுப்பது நம் பாடு. எழுத்துகள் எறும்பளவு. பக்கவாட்டில் நன்கொடை விண்ணப்பம், பழைய கூட்டங்களின் படங்கள், எங்கே தொட்டாலும் வேறெங்கோ போகும் இணைப்புகள்.

அதனால் அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியம் தொடங்கி மாலை வரை உட்கார்ந்து, பத்திகளை எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய கேள்வியைச் சேர்த்து, வசனங்களைத் தேடி முழுதாக எழுதி, பெரிய எழுத்தில் தாள்களைத் தயாரிப்பாள். சாப்பாட்டு மேசை தாள்களுக்குப் போய்விடும். குடும்பம் நின்றுகொண்டு சாப்பிடும்.

இப்படிப் பல ஆண்டுகள் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாடம் முடிந்ததும் அக்கா வட்டத்தில் சொன்னாள்: “இந்த மாசத்தோட நான் நடத்துறதை நிறுத்திக்கிறேன். வாராவாரம் உக்காந்து தயார் பண்ண முடியல. உடம்பு கேட்கல.”

வட்டத்தின் செயலாளர் ஓய்வு பெற்ற வங்கிக் காசாளர். எங்களுக்கு அவர் கேஷியர் ஐயா. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வேற யாரும்மா நடத்துவா? டாக்டரா?”

பல் மருத்துவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பேசத் தொடங்கினால் முடிக்க மாட்டார் என்பதால் யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. பாவம், வாரம் முழுவதும் வாயைத் திறந்து வைத்திருப்பவர்களோடு இருந்துவிட்டு வருகிறார். ஞாயிறுதான் அவர் முறை.

அத்தான் வழக்கமாகக் கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பாதி பாடத்தில் கண்ணை மூடிக்கொள்பவர். அன்று அவர் எழுந்து நின்றார். “நான் ஒரு புரோகிராம் எழுதித் தர்றேன். சனிக்கிழமை வேலையை அது பாத்துக்கும். அவளே நடத்தட்டும்.”

தையற்கடை அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அத்தானிடம் ஒரு முறை தையல் இயந்திரத்தைப் பழுது பார்க்கக் கொடுத்தவர் அவர்.

“மெஷின் எடுத்துக் குடுக்கிற வசனத்தை நம்பிப் படிக்கிறதா?” என்றார் கேஷியர் ஐயா. “சரி, ஒரு வாரம் பாப்போம். ஒரு தப்பு வந்தாலும் பழைய முறைதான். சொல்லிட்டேன்.”

பழைய முறை என்றால் அக்கா விலகுவாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கு அந்த வகுப்பு உயிர். மருந்துப் பிரிவில் அவள் நாள் முழுவதும் மற்றவர் எழுதிக் கொடுத்ததை எடுத்துக் கொடுப்பவள். கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, தலையசைப்பது ஞாயிறு ஒரு நாள்தான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் கோபப்படவில்லை. நிதானமாகத்தான் பேசினாள். பின்னால் நடந்து வந்த எனக்கு அது கோபத்தைவிடக் கனமாகக் கேட்டது.

“என்னங்க, நிஜமாவே செய்வீங்களா? இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க.”

“செய்வேன்டி. ஏன், நம்பிக்கை இல்லையா?”

“அலமாரி, சுவரு, தொட்டில் எல்லாத்தையும் சிரிச்சுட்டு விட்டுட்டேன். இது நடுவுல நின்னா சிரிக்க மாட்டேன். திட்டவும் மாட்டேன். இனிமே உங்ககிட்ட எதையும் கேட்க மாட்டேன், அவ்வளவுதான்.”

அத்தான் கேலிக்குப் பழகியவர். முக்கால் என்று அழைத்தால் திரும்பிப் பார்த்து “என்ன?” என்று கேட்பவர். ஆனால் இனி கேட்கவே மாட்டேன் என்பது அவருக்குப் புதிது.

மறுநாள் மாலையிலிருந்து சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி ஏறியது. குடும்பம் மறுபடியும் நின்றுகொண்டு சாப்பிட்டது. செய்வது என்னவென்று அவர் எனக்கு எடை மேடையின் மொழியிலேயே விளக்கினார்.

“மச்சான், அந்த வெப்சைட் பக்கம் இருக்கே, அது லோடு ஏத்தின லாரி. படம், மெனு, நன்கொடை எல்லாம் வண்டி. கட்டுரை மட்டும்தான் சரக்கு. வண்டியைக் கழிச்சுட்டா சரக்கு நிக்கும். நின்ன சரக்கைப் பத்தி, கேள்வி, வசனம்னு மூணு கூடையில போடணும். முதல் பத்திக்கு முதல் கேள்வி, ரெண்டாவதுக்கு ரெண்டாவது. வசன நம்பரைப் பாத்தா மறைநூல்ல போய் முழு வசனத்தைக் கொண்டுவந்து கீழ வைக்கணும். அவ்வளவுதான்.”

“எப்ப முடியும்?”

“இப்பவே முடிஞ்ச மாதிரிதான்.”

நான் வரவேற்பறை அலமாரியின் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அவர் முடித்துவிட்டார் என்பதை நான் இங்கே கண்டிப்பாகப் பதிவு செய்ய வேண்டும். பொத்தானை அழுத்தினால் நிரல் இணையதளத்துக்குப் போய் அந்த வாரக் கட்டுரையை எடுத்துவரும், தேவையற்றதை உதிர்த்துவிடும், ஒவ்வொரு பத்தியின் கீழும் கேள்வியை வைக்கும், அதன் கீழே வசனத்தை முழுதாக, பெரிய எழுத்தில் அடுக்கும். அந்த மாதத்தின் முதல் கட்டுரையைக் கொடுத்துப் பார்த்தார். அச்சு அசலாக அக்காவின் தாளைப் போலவே வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. அக்கா ஒவ்வொரு வரியையும் மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல் படித்துவிட்டு, “பிரமாதம்!” என்றாள். அந்தச் சொல்லை அவரைப் பார்த்து அவள் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

மாதத்தில் நான்கு கட்டுரைகள். நான்காவது எப்படி வரும் என்பது அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து போய் டீ குடித்தார்.

அந்த நான்காவது கட்டுரைதான் வரும் ஞாயிற்றுக்குரியது. சனிக்கிழமை அதற்கான பொத்தானை அழுத்தி, வந்த தாள்களை அச்சிட்டு, உறையில் போட்டு அக்காவின் கைப்பைக்குள் வைத்தார். அக்கா? பல ஆண்டுகளுக்குப் பிறகு அவளுக்கு ஒரு சனிக்கிழமை மதியம் கிடைத்திருக்கிறது. உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தி படித்தாள். தாளை மார்பின் மேல் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். மகள் எழுப்பப் போனபோது அத்தான் விரலை உதட்டில் வைத்துத் தடுத்தாராம்.

ஞாயிறு காலை. கட்டுரையின் தலைப்பு ‘பொறுமையோடு காத்திருத்தல்’. கேஷியர் ஐயா வழக்கமான இடத்தை விட்டு முதல் வரிசைக்கு வந்து, கைபேசியில் இணையதளப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பென்சிலைக் கூர்மையாக்கினார். வரிக்கு வரி ஒப்பிடப்போகிறார் என்பது தெளிவாகத் தெரிந்தது.

முதல் பத்தி: காத்திருப்பது ஏன் கடினம்? பதில் பத்தியில் இருந்தது. பல் மருத்துவர் அதை வாசித்தார். கேஷியர் ஐயா ஒரு டிக் போட்டார். இரண்டாம் பத்தி: மழைக்காகக் காத்திருக்கும் விவசாயியிடம் நாம் என்ன கற்கிறோம்? தையற்கடை அம்மா வாசித்தார். இரண்டாவது டிக். தாள்களில் வசனங்கள் பளிச்சென்று இருந்தன. யாரும் எதையும் புரட்டவில்லை. அத்தான் ஜன்னலோரம் கண்ணைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் பத்தியை வாசிப்பது என் முறை. தாளில் இருந்ததை அப்படியே வாசித்தேன்:

“ஆண்டுக் கூட்டத்துக்கு வருவோர் தத்தம் குடைகளைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். மண்டபத்தில் விட்டுச் செல்லப்படும் குடைகளுக்கு நிலையம் பொறுப்பேற்காது.”

எனக்கு ஏதோ இடறியது. ஆனால் அதற்கு முந்தைய பத்தி முழுவதும் மழை. மழைக்குப் பின் குடை வருவது எனக்கு மட்டுமல்ல, அங்கிருந்த யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. அக்கா ஒரு கணம் தாளையே பார்த்தாள். பிறகு கீழே இருந்த கேள்வியைக் கேட்டாள்: “பிறரோடு நம்மை ஒப்பிட்டுப் பார்ப்பதை விட்டுவிட இந்தப் பத்தி நமக்கு எப்படி உதவுகிறது?”

எல்லோரும் தாளுக்குள் குனிந்தார்கள். பத்தியில் விரலை ஓட்டிப் பதிலைத் தேடினார்கள். எடுத்து வாசிக்க அதில் பதில் இல்லை. எங்கள் வட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் யோசித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

தையற்கடை அம்மா மெல்லக் கை தூக்கினார். “மழை எல்லாருக்கும் ஒண்ணாத்தான் பெய்யுது. குடைதான் வேற வேற. அடுத்தவங்க குடை பெருசா இருக்கேன்னு பாத்துட்டே நடந்தா, நம்ம குடை காத்துல மடங்கிடும்.”

“ஆகா!” என்றார் பல் மருத்துவர். “இதுல இன்னொண்ணும் இருக்கு. ‘நிலையம் பொறுப்பேற்காது’ன்னு வருது பாருங்க. அவங்கவங்க பாரத்தை அவங்கவங்கதான் சுமக்கணும். ரொம்ப ஆழமான பத்தி. எழுதினவர் யாரோ, கைய பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கலாம்.”

அப்போதுதான் ஜன்னலோரம் நாற்காலி கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தேன். அத்தானின் முகம் குளியலறையின் நான்காவது சுவர் நிறத்தில் இருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தார்: “மேடையில ஆள் நின்னுட்டாரு.”

எடை மேடையில் இது பழைய தொல்லை. லாரியை நிறுக்கும்போது யாராவது மேடையில் ஏறி நின்றுவிட்டால் அவருடைய எடையும் சரக்கில் சேர்ந்துவிடும். தலைமை நிலையம் அந்த வாரம் பார்த்து, குடை அறிவிப்பைக் கட்டுரையின் நடுவில் ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தது. நிரல் அதையும் ஒரு பத்தி என்று எடுத்து மூன்றாம் எண் கொடுத்துவிட்டது. அங்கிருந்து எல்லாக் கேள்விகளும் ஒரு படி மேலே ஏறிவிட்டன.

நான் கேஷியர் ஐயாவைப் பார்த்தேன். அவருடைய கைபேசியில் அந்த அறிவிப்பு எண் இல்லாமல் கட்டத்துக்குள் இருந்திருக்க வேண்டும். ஒரு முறை கண்ணை ஓட்டினால் போதும். ஆனால் அவர் கைபேசியைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுப் பென்சிலை மேசையில் எறிந்தார்.

“பொறுப்பேற்காதாம்ல!” என்றார். “போன வருஷக் கூட்டத்துல என் குடையை வாசல்ல வெச்சுட்டு உள்ள போனேன். வெளிய வந்தா இல்ல. கேட்டா, ‘எங்களுக்குத் தெரியாது ஐயா’ங்கிறான். மழையில நனைஞ்சுட்டே வீட்டுக்குப் போனேன். ஒரு வாரம் தும்மல்!”

“ஐயா, கேள்வி வந்து...” என்றாள் அக்கா.

“கேள்விக்குத்தாம்மா வர்றேன். அன்னைலேர்ந்து எவன் குடையைப் பாத்தாலும் அது என் குடையான்னுதான் பாக்குறேன். ஒப்பிட்டுட்டே இருக்கேன். ஒரு வருஷமா! அதைத்தான் விடச் சொல்லுது இந்தப் பத்தி. சரி, விட்டேன். எடுத்தவன் நல்லா இருக்கட்டும்.”

பல் மருத்துவர் தொண்டையைச் செருமினார். அவர் பேசாமல் செருமியது அதுவே முதல் தடவை. “ஐயா, அந்தக் குடை... கைப்பிடி மரமா?”

“மரம்தான்.”

“நுனியில கறுப்பு டேப் சுத்தியிருக்குமா?”

கேஷியர் ஐயா மெதுவாகத் திரும்பினார்.

“என் கிளினிக்ல இருக்கு ஐயா. என் குடைன்னு நினைச்சு எடுத்துட்டுப் போயிட்டேன். வீட்டுக்குப் போனா என் குடை அங்க இருக்கு. யார்துன்னு தெரியல. கேட்டா சங்கடம்னு... ஒரு வருஷமா பேஷன்ட்டுக்கெல்லாம் அதைத்தான் இரவல் குடுத்துட்டு இருக்கேன்.”

‘ஒலி எழுப்பாதே’ என்ற பலகைக்குக் கீழே வட்டம் இடிஇடியென்று சிரித்தது. தையற்கடை அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேஷியர் ஐயா மட்டும் சிரிப்பை மென்று விழுங்கியபடி, “நாளைக்குக் காலையில வர்றேன், பல்லையும் பாத்துடுங்க” என்றார்.

அடுத்த இரண்டு பத்திகளும் இப்படியேதான் போயின. கேள்விக்கும் பத்திக்கும் சம்பந்தமில்லை. ஆனால் கைகள் உயர்ந்துகொண்டே இருந்தன. ஒப்பிடுதலைப் பற்றிய பத்தியை வைத்துக்கொண்டு, களைத்துப்போனவர்களுக்கு எப்படி உதவலாம் என்று பேசினார்கள். சும்மா தலையாட்டிவிட்டுப் போகிறவர்களெல்லாம் பேசினார்கள். அக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம். ஜன்னலோரம் அத்தான் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

கடைசிப் பத்தி வந்தது. அதன் கீழே ‘கேள்வி’ என்று இருந்தது. அதற்குப் பிறகு வெற்றிடம். ஒரு பத்தி கூடிவிட்டதால் கேள்விகள் தீர்ந்துவிட்டன.

அக்கா தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்புறமும் ஒன்றுமில்லை. பிறகு தலையை உயர்த்திக் கடைசி வரிசையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அலமாரி, சுவர், தொட்டில் எல்லாம் இருந்தன.

அதற்குள் பல் மருத்துவர் முந்திக்கொண்டார். “கடைசிக் கேள்வியை நாமே போட்டுக்கணும்னு விட்டிருக்காங்க! என்ன அருமையான ஏற்பாடு!”

“ஆமா, ஆமா” என்றார்கள் சிலர்.

தப்பிக்க வழி திறந்துவிட்டது. அத்தான் அப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். குடைப் பத்தி ஆழமான பத்தியாகவும், வெற்றிடம் அருமையான ஏற்பாடாகவும் நின்றுவிடும்; அக்கா நடத்திக்கொண்டிருப்பாள்; யாருக்கும் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன். நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் எழுந்தார்.

“இல்ல டாக்டர். ஏற்பாடு இல்ல. தப்பு.” கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “அந்தக் குடை விஷயம் கட்டுரையே கிடையாது. அது நோட்டீஸ். என் புரோகிராம் அதைப் பத்தின்னு எடுத்துருச்சு. அதுலேர்ந்து கேள்வி எல்லாம் இடம் மாறிருச்சு. மூணு கட்டுரைதான் செக் பண்ணேன். நாலாவதைப் பண்ணல. அவ மேல எந்தத் தப்பும் இல்ல.”

நான் வாசித்த குடைப் பத்தியை எல்லோரும் மறுபடி ஒரு முறை பார்த்தார்கள். தையற்கடை அம்மாவின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. பல் மருத்துவர், “கைய பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கலாம்னு சொன்னேனே!” என்று முனகியதும் அந்த அம்மாவால் அடக்க முடியவில்லை.

கேஷியர் ஐயா கைபேசியைத் திருப்பினார். கட்டத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

“ஒரு தப்பு வந்தாலும் பழைய முறைன்னு சொன்னேன். சொன்னேன்ல?”

“சொன்னீங்க ஐயா” என்றார் அத்தான்.

“தப்பு வந்திருக்கு. அதைக் குறிச்சுக்கிறேன். என் குடை கிடைச்சிருக்கு. அதையும் குறிச்சுக்கிறேன்.” பென்சிலைத் தேடி எடுத்துக் காதில் செருகிக்கொண்டார். “ஆனா தப்பை நான் பிடிக்கலையே. போனைக் கையில வெச்சுட்டே கோட்டை விட்டேன். அவரா எழுந்து சொன்னாரு. நாப்பது வருஷம் கவுண்டர்ல உக்காந்தவன் நான்; தானா வந்து சொல்றவனை உள்ள கூட்டி உக்கார வைக்கணும், வெளிய அனுப்பக் கூடாது. அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். அம்மா, நீங்களே நடத்துங்க.”

வீட்டுக்குத் திரும்பும் வழியில் இருவரும் முன்னால் நடந்தார்கள். தெருமுனையில் திரும்பினார்கள். பிறகு அக்கா சொன்னாள்: “நான் ரெண்டு பத்தி படிச்சுட்டுத் தூங்கிட்டேங்க.”

“தெரியும். பாத்தேன்.”

“எழுப்பியிருக்கலாம்ல?”

“நல்லாத் தூங்கிட்டு இருந்த.”

அந்த வாரம் முழுவதும் அத்தான் சாப்பாட்டு மேசையை விட்டு அசையவில்லை. கட்டத்துக்குள் இருப்பது பத்தியல்ல என்று நிரலுக்குச் சொல்லிக் கொடுத்தார். பத்திகளின் எண்ணிக்கையும் கேள்விகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் தாளே அச்சாகாமல், ‘மேடையில் ஆள் நிற்கிறார்’ என்று திரையில் சிவப்பாக வரும்படி செய்தார். பிறகு அந்த இணையதளத்தில் உள்ள எல்லாக் கட்டுரைகளையும், முதல் ஆண்டின் முதல் வாரத்திலிருந்து, ஒவ்வொன்றாகக் கொடுத்துச் சோதிக்கத் தொடங்கினார். மருமகள் அவ்வப்போது திரையை எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

“அப்பா, எழுபத்தஞ்சு பர்சென்ட் வந்துருச்சு. நிறுத்திடுங்க, பழக்கம் கெட்டுடப் போகுது.”

“போடி அங்கிட்டு.”

நூறு வந்தது. வெள்ளிக்கிழமை மாலை அது திரையில் நின்றபோது, அவர் அதை அழிக்காமல் அப்படியே வைத்திருந்து, வீட்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். பால் வாங்கப் போன என்னையும் திரும்பி வரச் சொல்லிக் கைபேசியில் அழைத்தார்.

அடுத்த ஞாயிறு தாள்கள் பழுதில்லாமல் வந்தன. ஒவ்வொரு கேள்வியும் தன் பத்தியின் கீழே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. கேஷியர் ஐயா கடைசி வரை டிக் போட்டார். பதில்கள் பத்தியிலேயே இருந்தன, வாசித்தார்கள், உட்கார்ந்தார்கள். நடுவில் பல் மருத்துவர் கொட்டாவி விட்டார். அவருடைய பற்களை வட்டம் முழுவதும் பார்த்தது.

பாடம் முடிந்ததும் தையற்கடை அம்மா அத்தானிடம் வந்தார். “தம்பி, போன வாரம் மாதிரி அந்தத் தப்பை மறுபடி வர வைக்க முடியுமா? ஒரே ஒரு பத்திக்கு மட்டும்?”

“வராதும்மா. முழுசா சரி பண்ணிட்டேன்.”

“கொஞ்சமாவது?”

“கொஞ்சம்கூட வராது” என்றார் அத்தான். வாழ்நாளில் அவர் அவ்வளவு பெருமையோடு ஒன்றை மறுத்து நான் பார்த்ததில்லை.

அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த வாரத்திலிருந்து அவளே ஒன்று செய்கிறாள். பாடத்தின் முடிவில் தாளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டு, அன்றைய கேள்வி ஒன்றை எடுத்து, சுவரில் இருக்கும் ஏதாவது ஒரு சாலைக் குறியைக் காட்டி, “இதை வெச்சுப் பதில் சொல்லுங்க” என்கிறாள். வட்டத்தில் இதற்குக் ‘குடைக் கேள்வி’ என்று பெயர். அதற்காகவே இப்போது ஆட்கள் நேரத்தோடு வருகிறார்கள். ‘வளைவில் மெதுவாகச் செல்’ என்பதை வைத்துக்கொண்டு பல் மருத்துவர் ஒரு முறை பேசியதைக் கேட்டுப் பயிற்சிப் பள்ளிக்காரரே வந்து வாசலில் நின்றார்.

இந்தக் குறிப்பை முடிக்கும் முன் அத்தானின் பட்டப்பெயரை என்ன செய்வது என்று அக்காவிடம் கேட்டேன். நூறு வந்ததற்கு நானும் சாட்சி ஆயிற்றே, நீக்கிவிடலாமா என்றேன்.

அவள் மேசையைக் கண்ணால் காட்டினாள். வகுப்பறையில் அவள் தாள்களை வைக்கும் மேசை நெடுநாளாக ஆடிக்கொண்டிருந்தது. அன்று காலைதான் அவள் கணவரிடம், “என்னங்க, இந்த மேசைக் காலைக் கொஞ்சம் பாருங்களேன்” என்று கேட்டிருந்தாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் அவர் திருப்புளியோடு மேசைக்கு அடியில் போய்விட்டார். இதை எழுதும்போது மூன்று கால்கள் பாறைபோல் நிற்கின்றன.